பரங்கிமலை முதல் ஆலந்தூர் வரை: ஒரு புறநகர்த் தொகுதியின் தேர்தல் வரலாற்றைப் படிப்பது எப்படி?

தேர்தல் நேரத்தில் டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரு வாக்கியம் காதில் விழாமல் இருக்காது: "இது எங்க கோட்டை." எந்தக் கட்சிக்காரரும் தன் தொகுதியைப் பற்றி இப்படிச் சொல்லலாம், கூடவே இரண்டு மூன்று வருடக் கணக்கையும் எடுத்து விடலாம். கேட்பவருக்கு அது சரியா தப்பா என்று பார்க்க வழி தெரிவதில்லை. இணையத்தில் தேடினால் ஆண்டு, வென்றவர், கட்சி என்று ஒரு பட்டியல் கிடைக்கும். அதை மேலிருந்து கீழே படித்துவிட்டால் அந்தத் தொகுதியின் வரலாறு தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பட்டியல் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. சென்னைப் புறநகர் போல நாளொரு அடுக்குமாடி முளைக்கிற இடங்களில் பாதி கூடச் சொல்வதில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். கிண்டியைத் தாண்டி கத்திப்பாராவில் இறங்கினால் தொடங்கிவிடும் ஆலந்தூர். விமான நிலையத்துக்கு வாசல் மாதிரி இருக்கும் பகுதி. பட்டாளத்தார் குடியிருப்பும், நங்கநல்லூரின் கோயில் தெருக்களும், முகலிவாக்கம், மணப்பாக்கம் பக்கம் ஐடி ஊழியர்கள் குடியேறிய அடுக்குமாடிகளும் ஒரே சட்டமன்றத் தொகுதிக்குள் வருகின்றன. 1967 முதல் 2021 வரையிலான இதன் கதையில், ஒரு தொகுதியின் வரலாற்றைப் படிக்கத் தேவையான எல்லாப் பாடங்களும் ஏதாவது ஒரு தேர்தலில் வந்துவிடுகின்றன.

முதலில் அடிப்படை. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் யார் அதிக வாக்கு வாங்குகிறாரோ அவர் வென்றவர். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அடுத்தவரைவிட ஒரு வாக்கு கூடுதலாக இருந்தால் போதும். இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல புதிர்கள் அவிழும்.

கழுத்தில் கட்டோடு ஒரு சுவரொட்டி

ஆலந்தூர் என்ற பெயரில் தொகுதி இருந்தது 1977 முதல்தான். அதற்கு முன் இந்தப் பகுதி பரங்கிமலைத் தொகுதி. 1967 தேர்தலில் திமுக சார்பில் அங்கே நின்றவர் எம்.ஜி.ஆர்.

அந்த ஆண்டு ஜனவரி 12-ம் தேதி ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஆர். ராதா அவரைச் சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. வாக்குப்பதிவு பிப்ரவரியில். வேட்பாளர் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கிறார், தொகுதிக்குள் வந்து கும்பிட்டு ஓட்டுக் கேட்க வழியில்லை. அவருக்குப் பதிலாகத் தெருவுக்கு வந்தது ஒரு புகைப்படம்: கழுத்தில் பெரிய கட்டோடு இருக்கும் எம்.ஜி.ஆர். அந்தப் படம் போட்ட சுவரொட்டி பரங்கிமலையோடு நிற்கவில்லை, மாநிலம் முழுக்க ஒட்டப்பட்டது. அவர் 54,106 வாக்குகள் பெற்றார். எதிர்த்து நின்ற காங்கிரஸ் வேட்பாளர் டி.எல். ரகுபதி 26,432. வித்தியாசம் 27,674.

இந்த வெற்றியை முழுக்கத் துப்பாக்கிக் குண்டின் கணக்கில் எழுதுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தத் தேர்தலில் திமுக 137 இடங்களைப் பிடித்தது, காங்கிரஸ் 51-ல் சுருண்டது, விருதுநகரில் காமராஜரே தோற்றார். அரிசித் தட்டுப்பாடு, 1965-ன் இந்தி எதிர்ப்புப் போராட்டம் என்று காங்கிரஸுக்கு எதிரான காற்று ஏற்கெனவே பலமாக வீசிக்கொண்டிருந்தது. அதே தேர்தலில் தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் அண்ணா வென்றார். எம்.ஜி.ஆர். நல்ல உடம்போடு வீதி வீதியாக நடந்திருந்தாலும் பரங்கிமலையில் அநேகமாக அவர்தான் ஜெயித்திருப்பார். அனுதாபம் வித்தியாசத்தைக் கூட்டியிருக்கலாம்.

ஆகவே ஒரு தொகுதியின் முடிவைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, அந்த ஆண்டு மாநிலம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதுதான். உள்ளூர்க் காரணத்தைத் தேடுவது அதற்கு அப்புறம்.

1971-ல் எம்.ஜி.ஆர். அதே பரங்கிமலையில் மறுபடி வென்றார், மறுபடியும் திமுகவில். அடுத்த ஆண்டு அக்டோபரில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அக்டோபர் 17-ல் அதிமுக பிறந்தது. உதயசூரியனுக்கு ஓட்டுப் போட்டு பரங்கிமலை மக்கள் அனுப்பிய உறுப்பினர், அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே புதிய கட்சியின் தலைவர் ஆகிவிட்டார். நடுவில் தேர்தல் எதுவும் நடக்கவில்லை. அன்றைக்குக் கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லை. அது 1985-ல்தான் வந்தது. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாற்பது வருடம் கழித்து இதே தொகுதியில் திரும்ப வரும்.

இன்னொன்றும் இங்கே தெரிந்துகொள்ளலாம். இணையத்தில் உள்ள வென்றவர் பட்டியலில் 1971-க்கு நேராக 'திமுக' என்றுதான் இருக்கும். 1976 ஜனவரியில் சட்டமன்றம் கலைக்கப்பட்டபோது அந்த உறுப்பினர் திமுகவின் முதல் எதிரி. தேர்தல் நாளன்று இருந்த நிலவரம் மட்டும்தான் பட்டியலில் பதிவாகிறது.

பெயர் ஒன்று, தொகுதி வேறு

1977 தேர்தலுக்குள் தொகுதிகளின் எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. பரங்கிமலை என்ற பெயர் போய் ஆலந்தூர் வந்தது. எம்.ஜி.ஆரும் அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டார். முதலமைச்சரான அவர் அப்புறம் இந்தப் பக்கம் போட்டியிடவே இல்லை. 1980-ல் மதுரை மேற்கு, 1984-ல் ஆண்டிப்பட்டி.

இப்படி எல்லை மாற்றி வரைவதற்கு 'தொகுதி மறுவரையறை' என்று பெயர். 'மறுசீரமைப்பு' என்றும் சொல்வார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எடுத்த பிறகு, ஒவ்வொரு தொகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவு மக்கள் இருக்கும்படி கோடுகளை மாற்றிப் போடுவது. கேட்க எளிதாகத் தெரிகிறது. ஆனால் இதில் ஒரு பூட்டு இருக்கிறது. 1976-ல் அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்து, மாநிலங்களுக்கான தொகுதி எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்பின்படியே நிறுத்தி வைத்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். முதலில் 2000 வரை என்றார்கள். பிறகு 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை என்று நீட்டினார்கள். மொத்த எண்ணிக்கையைத் தொடாமல், 2001 கணக்கெடுப்பை வைத்து மாநிலத்துக்குள் எல்லைகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று இடையில் அனுமதி தந்தார்கள். அந்த வேலை 2008-ல் முடிந்தது. 2011 சட்டமன்றத் தேர்தல் அந்தப் புதிய எல்லைகளில் நடந்தது.

அதாவது 1977 முதல் 2006 வரை, முப்பது வருடம், ஆலந்தூரின் கோடுகள் அசையவே இல்லை. அந்த முப்பது வருடத்தில் சென்னை எங்கே வளர்ந்தது? தெற்கேயும் மேற்கேயும்தான். நகரத்துக்குள் இருந்த தொகுதிகளில் வாக்காளர் கூட இடமில்லை, புறநகர்த் தொகுதிகள் ஊதிப் பெருத்தன. ஆலந்தூர், தாம்பரம், வில்லிவாக்கம் எல்லாம் அப்படி வீங்கியவை. நகர நடுவில் ஓர் உறுப்பினர் கவனிக்கும் மக்களைப்போல இரண்டு மூன்று மடங்கு மக்களை இங்கே ஒருவர் கவனிக்க வேண்டியிருந்தது. புறநகர்க்காரரின் ஒரு ஓட்டுக்கு நகரக்காரரின் ஓட்டைவிட எடை குறைவு என்று இதை வேறு விதமாகவும் சொல்லலாம்.

2008 மறுவரையறை இதைச் சரிசெய்யப் பார்த்தது. பல்லாவரம், சோழிங்கநல்லூர், வேளச்சேரி, மதுரவாயல், அம்பத்தூர், மாதவரம் என்று புதிய தொகுதிகள் முளைத்தன. மொத்தம் 234-ஐத் தாண்டக் கூடாது என்பதால் வேறு இடங்களில் சில பெயர்கள் காணாமல் போயின. நகரத்துக்குள் பூங்கா நகரும் புரசைவாக்கமும் அப்படிப் போனவை.

ஆலந்தூரின் பெயர் மட்டும் தங்கியது. ஆனால் தொகுதி சுருங்கியது. ஆதாரம் வேண்டுமா? 2006-ல் ஆலந்தூரில் வென்ற திமுகவின் தா.மோ. அன்பரசனும் தோற்ற அதிமுகவின் பா. வளர்மதியும் ஆளுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். ஐந்து வருடம் கழித்து, 2011-ல், வென்றவரே வாங்கியது 76,537. மக்கள் குறையவில்லை, ஓட்டுப் போடாமல் வீட்டில் உட்கார்ந்துவிடவும் இல்லை. கோடு மாறிவிட்டது, அவ்வளவுதான். சென்னைத் தெருக்களில் கதவுக்கு மேலே பழைய எண், புதிய எண் என்று இரண்டு போட்டிருப்பார்களே, தபால்காரர் எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டுதான் கதவைத் தட்ட வேண்டும். தொகுதி வரலாறும் அப்படித்தான். 2006-க்கு முந்தைய ஆலந்தூரையும் 2011-க்குப் பிந்தைய ஆலந்தூரையும் ஒரே கோட்டில் வைத்து "திமுக இவ்வளவு இழந்தது, அதிமுக இவ்வளவு ஏறியது" என்று கணக்குப் போட்டால் தவறான வீட்டில் கடிதம் விழும்.

புதிய ஆலந்தூர் ஒரு வினோதமான கலவை. பழைய ஆலந்தூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. முகலிவாக்கமும் மணப்பாக்கமும் அப்படியே. ஆனால் அதே தொகுதியில் இருக்கும் மௌலிவாக்கம், ஐயப்பன்தாங்கல், கொளப்பாக்கம், கெருகம்பாக்கம் ஊராட்சிகளாகவே நின்றன. 2018-ல் ஆலந்தூர் வட்டம் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது, ஊராட்சிப் பக்கம் வரவில்லை. நாடாளுமன்றத் தேர்தல் என்று வந்தால் மொத்தமும் ஸ்ரீபெரும்புதூர். ஒரே சட்டமன்ற உறுப்பினர்தான், ஆனால் குப்பை அள்ளவில்லை என்றால் ஒரு தெருக்காரர் மாநகராட்சிக்குப் போன் போடுவார், அடுத்த தெருக்காரர் ஊராட்சித் தலைவரைத் தேடுவார். புறநகர்த் தொகுதிகளில் இது சகஜம். "எம்எல்ஏ ஒண்ணும் செய்யலை" என்ற புலம்பலில் பாதி, இந்தக் குழப்பத்திலிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

மாநிலம் போன வழியே போன தொகுதி

இப்போது பட்டியலுக்கு வருவோம். 1989-ல் திமுகவின் சி. சண்முகம். 1991-ல் அதிமுகவின் எஸ். அண்ணாமலை. 1996-ல் மறுபடி சண்முகம். 2001-ல் வளர்மதி. 2006-ல் அன்பரசன். 2011-ல் அதிமுக கூட்டணியில் இருந்த தேமுதிகவின் பண்ருட்டி ராமச்சந்திரன்.

இதைக் கோட்டையில் எழுந்த ஆட்சிகளோடு சேர்த்துப் பாருங்கள். 1989 திமுக ஆட்சி, 1991 அதிமுக, 1996 திமுக, 2001 அதிமுக, 2006 திமுக, 2011 அதிமுக. ஆறு தேர்தலிலும் ஆலந்தூர் ஆளும் தரப்போடு போயிருக்கிறது. இதற்கு எந்த ஜோசியமும் தேவையில்லை. புறநகரில் பல ஊர்க்காரர்கள் கலந்து வாழ்கிறார்கள். ஒரே சாதி, ஒரே தொழில், ஒரே குடும்பத்தின் செல்வாக்கு என்று மொத்தமாக ஓட்டை வளைக்கும் சக்தி கிராமத் தொகுதிகளைவிட இங்கே குறைவு. எனவே மாநிலக் காற்று தடையில்லாமல் உள்ளே வருகிறது.

இந்த ஆறு தேர்தல்களில் இரண்டை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 1989-ல் எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு அதிமுக ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று இரண்டாக உடைந்து நின்றது. திமுக மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்கு வாக்குகளோடு 150 இடங்களைப் பிடித்தது. எதிரி வாக்கு சிதறினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. 1991-ல் மே 21 அன்று இதே பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதிமுக-காங்கிரஸ் கூட்டணி மாநிலத்தைத் துடைத்து எடுத்தது. இந்த மாதிரி ஆண்டுகளில் ஆலந்தூரில் யார் வேட்பாளர், என்ன வாக்குறுதி என்பதெல்லாம் எடுபடாது. தொகுதி வரலாற்றில் இப்படிப்பட்ட அலை ஆண்டுகளைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்ற ஆண்டுகளைப் படிக்க வேண்டும். 1996-ஐயும் அதே பக்கத்தில் ஒதுக்கலாம். அன்றைக்கு அதிமுக மாநிலம் முழுவதும் நாலே இடம்தான் வென்றது.

2011 கொஞ்சம் வேறு. அதிமுக தன் சின்னத்தில் நிற்காமல் தேமுதிகவுக்கு விட்டது. எதிர்ப்பக்கம் திமுகவும் தொகுதியைக் காங்கிரஸுக்கு விட்டது. அன்பரசன் புதிய தொகுதியான பல்லாவரத்துக்குப் போய் அங்கே தோற்றார். ஆக ஆலந்தூரில் இரண்டு பெரிய கட்சிகளின் சின்னமும் இல்லாத தேர்தல். பண்ருட்டியார் 76,537, காங்கிரஸின் காயத்ரி தேவி 70,783. வித்தியாசம் 5,754 மட்டும். மாநிலத்தில் அவ்வளவு பெரிய அதிமுக அலை அடித்தும் இங்கே வித்தியாசம் இவ்வளவு குறைவு. கூட்டணிக் கட்சிக்குச் சீட்டு போனால் தொண்டர் வேலை கொஞ்சம் தளரும், பழகிய சின்னத்தைத் தேடி வருகிறவரும் குழம்புவார் என்று தேர்தல் வேலை செய்தவர்கள் சொல்வார்கள். பட்டியலில் '2011 - தேமுதிக' என்று படித்துவிட்டு ஆலந்தூரில் தேமுதிகவுக்குப் பெரிய செல்வாக்கு என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். அந்த வாக்கில் பெரும்பங்கு இரட்டை இலையின் வாக்கு, முரசில் விழுந்தது.

பண்ருட்டியார் பற்றி ஒரு வரி. எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்தவர், 1991-ல் பாமகவின் ஒரே சட்டமன்ற உறுப்பினர், பிறகு தேமுதிக. 2013 டிசம்பரில் கட்சியையும் பதவியையும் ஒன்றாகத் துறந்தார். 2014 தொடக்கத்தில் அதிமுகவில் சேர்ந்தார். இங்கேதான் 1972-ஐ நினைக்க வேண்டும். எம்.ஜி.ஆர். கட்சி மாறியும் பரங்கிமலை நாற்காலி அவரிடமே இருந்தது. பண்ருட்டியார் காலத்தில் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்துவிட்டதால், பதவியை விட்டுவிட்டுத்தான் வேறு கட்சிக்குப் போக முடிந்தது. தொகுதி காலியானது, இடைத்தேர்தல் வந்தது.

இடைத்தேர்தலும் ஐயாயிரம் ரூபாய் சாக்கடையும்

2014 ஏப்ரல் 24, நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்தே ஆலந்தூர் இடைத்தேர்தலும் நடந்தது. அதிமுக சார்பில் வி.என்.பி. வெங்கட்ராமன். திமுக சார்பில் ஆர்.எஸ். பாரதி. ஆம் ஆத்மி கட்சி சார்பில் பத்திரிகையாளர் ஞாநி.

இதில் ஆர்.எஸ். பாரதியின் கதையைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஆலந்தூர் நகராட்சியாக இருந்த காலத்தில் அவர் அதன் தலைவர். தொண்ணூறுகளின் கடைசியில் ஊருக்குப் பாதாளச் சாக்கடை வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அதை உறிஞ்ச லாரி, மழை வந்தால் எல்லாம் தெருவில். திட்டத்துக்குப் பணம் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? வேலை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு வீட்டிலும் 5,000 ரூபாய் கேட்டார்கள். அன்றைய 5,000 ரூபாய் சம்பளக்காரருக்குச் சின்னத் தொகை இல்லை. குடியிருப்போர் சங்கங்களில் கூட்டம் போட்டுப் பேசினார்கள், எதிர்ப்பு வந்தது, சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் பணம் சேர்ந்தது, குழாய் பதிந்தது, தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து நகராட்சி அதைச் செய்து முடித்தது. நகராட்சி நிர்வாகம் பற்றிய பாடங்களில் இன்றும் 'ஆலந்தூர் திட்டம்' உதாரணமாகக் காட்டப்படுகிறது. மக்கள் முன்பணம் கட்டி வாங்கிய சாக்கடை என்பது இந்த நாட்டில் அபூர்வம்.

அப்படி ஊருக்குத் தெரிந்த வேலை செய்தவர் சட்டமன்றத்துக்கு நின்றபோது என்ன நடந்தது? வெங்கட்ராமன் 89,295. பாரதி 70,587. 18,708 வாக்கில் தோல்வி. ஞாநிக்கு டெபாசிட் போனது. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் கட்டிய பணம் திரும்பாது என்பது விதி.

பாரதி தோற்றதற்குக் காரணங்கள் புரியாதவை இல்லை. அந்தத் தேர்தலில் மாநிலத்தின் 39 நாடாளுமன்ற இடங்களில் 37 அதிமுகவுக்குப் போனது. இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி ஜெயிப்பது தமிழ்நாட்டில் கிட்டத்தட்டப் பழக்கமாகவே ஆகிவிட்டது. அமைச்சர்கள் தெருத் தெருவாக வந்து முகாம் போடுவார்கள். அதோடு தொகுதியின் எல்லையும் மாறிப்போயிருந்தது. அந்தச் சாக்கடையால் பயனடைந்தவர்கள் பழைய நகராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள். ஐயப்பன்தாங்கலிலும் கெருகம்பாக்கத்திலும் புதிதாகக் குடிவந்தவருக்கு அது பக்கத்து ஊர்க்கதை.

எனவே உள்ளாட்சித் தேர்தல் முடிவையும் சட்டமன்றத் தேர்தல் முடிவையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. இடைத்தேர்தல் முடிவைப் பொதுத்தேர்தல் வரிசையில் வைத்து 'போக்கு' கண்டுபிடிக்கவும் கூடாது. அது தனி ஜாதி.

2016: முறிந்த பழக்கம்

2016-ல் ஜெயலலிதா தொடர்ந்து இரண்டாவது முறை ஆட்சியைப் பிடித்தார். 134 இடங்கள். ஆலந்தூர் வழக்கப்படி அவரோடு போகவில்லை. பல்லாவரத்திலிருந்து ஆலந்தூருக்குத் திரும்பிய திமுகவின் அன்பரசன் 96,877 வாங்க, இப்போது அதிமுக வேட்பாளராக நின்ற அதே பண்ருட்டியார் 77,708-ல் நின்றார். 1989 முதல் தொடர்ந்த ஒற்றுமை இங்கே அறுந்தது. ஆலந்தூர் மட்டுமில்லை, தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர் எல்லாமே திமுகவுக்குப் போயின.

காரணம் கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது 2015 டிசம்பர் வெள்ளத்தை. அடையாற்றங்கரையில் மணப்பாக்கம், முகலிவாக்கம், நந்தம்பாக்கம் பகுதிகள் மூழ்கின. செம்பரம்பாக்கம் ஏரி திறந்த நேரம் பற்றிய கோபம் ஐந்து மாதத்தில் ஆறியிருக்காது. ஆனால் வெள்ளத்தை மட்டும் காட்டினால் ஒரு சிக்கல் வருகிறது. மேற்குப் புறநகரில் அம்பத்தூரும் மதுரவாயலும் அந்தத் தேர்தலில் அதிமுகவிடமே இருந்தன. சென்னையும் சுற்றுப்புறமும் ஒட்டுமொத்தமாக நனைந்த ஆண்டு அது. எனவே வெள்ளம் ஒரு காரணம், அதோடு வேட்பாளர், அவருக்கு உள்ளூரில் இருந்த ஆள்பலம் எல்லாம் சேர்ந்துகொண்டது என்று சொல்வதுதான் நேர்மை. ஒரே காரணத்தால் ஒரு தொகுதி கவிழ்ந்தது என்று யாராவது அடித்துச் சொன்னால், பக்கத்துத் தொகுதியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பாதி வாதங்கள் அங்கேயே விழுந்துவிடும்.

2021-க்கு வந்தால் அன்பரசன் 1,16,785, அவரோடு 2006-ல் மோதிய அதே வளர்மதி 76,214. வித்தியாசம் 40,571. '2016-ஐவிட வித்தியாசம் இரண்டு மடங்கு, அதிமுக சரிந்தது' என்று தலைப்புப் போடத் தோன்றும். இரண்டு தேர்தலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிமுக 2016-ல் வாங்கியது 77,708, 2021-ல் வாங்கியது 76,214. குறைந்தது 1,494 வாக்குதான். திமுகவுக்குக் கூடியது 19,908. அதிமுக இருந்த இடத்திலேயே நின்றது, கூடுதலாக வந்த வாக்கு வேறு பக்கம் போய்ச் சேர்ந்தது. மக்கள் நீதி மய்யத்தின் சரத்பாபு மூன்றாவதாக வந்து இருபதாயிரத்துக்கு மேல் வாங்கினார். படித்த, சம்பளக்கார, புதிதாகக் குடிவந்த வாக்காளர் நிறைந்த புறநகர்களில் அந்தக் கட்சிக்கு இப்படி ஒரு மூலை கிடைத்தது.

இங்கேதான் எண்ணிக்கையையும் விகிதத்தையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். 1967-ல் எம்.ஜி.ஆரின் வித்தியாசம் 27,674. 2021-ல் அன்பரசனின் வித்தியாசம் 40,571. எது பெரிய வெற்றி? எண்ணிக்கையில் பார்த்தால் பிந்தையது. ஆனால் எம்.ஜி.ஆர். தன் எதிரியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கினார். 2021-ல் வென்றவர் வாங்கியது எதிரியைப்போல ஒன்றரை மடங்கு. வாக்காளர் பட்டியல் வீங்க வீங்க, வித்தியாசங்களும் தானாக வீங்கும். வெவ்வேறு காலத்தை ஒப்பிடும்போது சதவீதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வாக்காளர் பட்டியலே இன்னொரு கதை. 2021-ல் மாநிலத்தில் நூற்றுக்கு 72 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டபோது ஆலந்தூர் அறுபதை ஒட்டியே நின்றது. நகரத்து மக்கள் சோம்பேறிகள் என்று திட்டுவது எளிது. ஆனால் புறநகரில் வாடகை வீடு மாறுகிறவர் பழைய முகவரியில் பெயரை விட்டுவிட்டு வருவார். சொந்த ஊரில் ஒரு பெயர், இங்கே ஒரு பெயர் என்று இருக்கும். இறந்தவர் பெயரும் நீக்கப்படாமல் கிடக்கும். பட்டியல் வீங்கியிருந்தால் வாக்குப்பதிவு சதவீதம் உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும்.

மறுபடியும் ஒரு வீக்கம் வந்துகொண்டிருப்பதையும் சொல்ல வேண்டும். 2008-ல் புதிதாக வெட்டிய சோழிங்கநல்லூரில் 2021-க்குள் வாக்காளர்கள் ஆறரை லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். மாநிலத்திலேயே பெரிய தொகுதி. அதே சென்னையில் துறைமுகம் தொகுதியில் இரண்டு லட்சம் கூட இல்லை. இரண்டு தொகுதியிலிருந்தும் ஆளுக்கு ஓர் உறுப்பினர்தான்.

சரி, உங்கள் தொகுதியைப் பற்றி நீங்களே தேடிப் பார்க்க வேண்டுமானால் எங்கே போவது? தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை இருக்கிறது. 2008 மறுவரையறை ஆணையில் எந்தக் கிராமம், எந்த வார்டு எந்தத் தொகுதி என்று எழுதியிருக்கிறது, முதலில் அதைப் படியுங்கள். அப்புறம் 'படிவம் 20'. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் கிடைக்கும். பூத் வாரியாக யாருக்கு எவ்வளவு விழுந்தது என்ற முழுக் கணக்கு அதில் இருக்கும். அதில் பூத் எண் மட்டும்தான் வரும், தெருப் பெயர் வராது. எனவே அந்தத் தேர்தலுக்கான வாக்குச்சாவடிப் பட்டியலையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேர்தலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பூத் எண்கள் மாறும், ஒரு பூத் இரண்டாகப் பிரியும். அதனால் எண்ணை வைத்து ஒப்பிடாமல், பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்து ஒப்பிடுங்கள். பள்ளிக்கூடம் அவ்வளவு சீக்கிரம் இடம் மாறாது.